433 வந்துடுச்சு!

போன வாரம் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்திலிருக்கும் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு நான் கைதட்டினேன். உள்ளே படுத்திருந்த மனைவி பதறிப்போய் எழுந்து வந்து, "என்னாச்சுங்க?" என்றாள். "433 வந்துடுச்சு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழு மாதமாக இந்தக் கூத்துதான். திருப்பு விசைக் கணக்கில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. கிரிக்கெட் பார்ப்பது நின்றுபோனது. செல்போனில் ரீல்ஸ் தள்ளுவது பாதியாகிவிட்டது. ஒரு பழைய நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர், அசையாமல் நிற்கிற ஓர் ஏணியோ பலகையோ இருந்தால் போதும். ஓடுகிற ரயிலையும் விழுகிற கல்லையும் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. சும்மா நிற்கிற ஒரு பொருளுக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

நான் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் 27 வருஷமாக மெயின்டனன்ஸ் வேலை. டார்க் ரெஞ்ச் என் கையில் புரளாத நாள் கிடையாது. டிராயிங்கில் 90 என்.எம். என்று போட்டிருந்தால் 90-இல் வைப்பேன், 'க்ளிக்' சத்தம் கேட்டதும் கையை எடுப்பேன். என்.எம். என்றால் நியூட்டன் மீட்டர் என்று தெரியும். நியூட்டனை ஏன் மீட்டரால் பெருக்க வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டது என் மகள். பிளஸ் ஒன் சேர்ந்த புதிது. "அப்பா, நீ டார்க் ரெஞ்ச் வச்சிருக்கியே, டார்க்னா என்னா?"

"இறுக்கம்மா."

"புக்குல அப்படி இல்லியே. விசை பெருக்கல் தூரம்னு போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஐந்தாவது அலகு, 'துகள்களாலான அமைப்பு மற்றும் திண்மப்பொருட்களின் இயக்கம்'. தலைப்பைப் பார்த்தால் ஓடத்தான் தோன்றும். ஓடாதீர்கள். உள்ளே திருப்பு விசை என்ற பெயரில் இருந்தது என் பிழைப்பு. நான் பள்ளியில் படித்தபோது இதைத் திருப்புத்திறன் என்று சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்தார்கள் என்றால், கரும்பலகையில் எழுதிப் போட்டதை நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். அன்றைக்கு ஒருவர் ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் என் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை உண்டு.

சி.டி.எச். ரோட்டில் லாரிக்கு வீல் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நட்டு துருப்பிடித்து அசைய மறுக்கும். கிளீனர் பையன் வீல் ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிப்பான். 55 கிலோ பையன், 40 சென்டிமீட்டர் ஸ்பேனர். 550 நியூட்டனை 0.4-ஆல் பெருக்கினால் 220 நியூட்டன் மீட்டர். (ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று போடாமல் 10 என்றே போடுகிறேன். மகளுக்கு இது பிடிக்காது. எனக்கு இதுதான் வசதி.) டிரைவர் வந்து, "தள்றா" என்று அவனை இறக்கிவிட்டு, ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி நீளத்தை 1.1 மீட்டர் ஆக்குவார். இப்போது அதே 220-க்கு 200 நியூட்டன் போதும். 55 கிலோ ஆள் ஏறிக் குதிக்க வேண்டிய இடத்தில் 20 கிலோ அழுத்தம். இதை நானே ஆயிரம் முறை செய்திருக்கிறேன். ஆனால் காகிதத்தில் 220 ஒரு பக்கம், 220 மறுபக்கம் என்று வந்து நின்றபோது, பல வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவரின் பெயரைப் புதிதாகத் தெரிந்துகொண்ட மாதிரி வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் படுக்கை மட்டத்தில் இருக்கும்போது ஏறி நின்றால்தான் முழுப் பலன். அது 60 டிகிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தால் அதே 55 கிலோவுக்குப் பாதிதான் கிடைக்கும். நட்டிலிருந்து எடை இறங்கும் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரம்தான் கணக்கு. பையன் எவ்வளவு குதித்தாலும் சைன் தீட்டா அசைந்து கொடுக்காது.

இனி 433-க்கு வருகிறேன்.

கடை போர்டு ஒன்று. சுவரிலிருந்து 2 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் அதற்கு ஒரு கீல். குழாயின் எடை 100 நியூட்டன், நடுவில் இறங்குகிறது. நுனியில் 200 நியூட்டன் போர்டு தொங்குகிறது. நுனியிலிருந்து ஒரு கம்பி, குழாயோடு 30 டிகிரி சாய்வில், மேலே சுவருக்குப் போகிறது. கம்பியில் இழுவிசை எவ்வளவு? கீல் எவ்வளவு தாங்குகிறது?

அசையாமல் நிற்கிற பொருளுக்கு இரண்டே நிபந்தனை. விசைகளெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாக வேண்டும். திருப்பங்களும் அதேபோல் பூஜ்யமாக வேண்டும். இதை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற இடம் அதற்கு அடுத்த வரி. திருப்பத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பது உங்கள் இஷ்டம். எந்தப் புள்ளி வேண்டுமானாலும்! குழாயின் நடுவாக இருக்கலாம், எதிர்வீட்டு மொட்டை மாடியாகக்கூட இருக்கலாம். பொருள் அசையவில்லை என்றால் எந்தப் புள்ளியைச் சுற்றியும் அது திரும்பவில்லை.

பிறகென்ன, எந்த விசை நமக்குத் தொல்லையோ அதன் தலைமேலேயே போய் நின்றுகொள்ளலாம். நாம் நிற்கிற புள்ளி வழியாகப் போகிற விசைக்குத் தூரம் பூஜ்யம். திருப்பமும் பூஜ்யம். கணக்கிலிருந்தே அது காணாமல் போகும். கீல் என்ன செய்கிறது, மேலே தள்ளுகிறதா, பக்கவாட்டில் தள்ளுகிறதா, ஒன்றும் தெரியவில்லையா? கீல்மேல் நில்லுங்கள். கீலின் இரண்டு விசையும் போச்சு. மிச்சம் இருப்பது: குழாய் 100 × 1, போர்டு 200 × 2, மொத்தம் 500. எதிர்ப்பக்கம் கம்பி மட்டும். அதன் செங்குத்துப் பகுதி பாதி இழுவிசை, தூரம் 2 மீட்டர். ஆக இழுவிசை 500 நியூட்டன். மூன்று விசை தெரியாத கணக்கில் ஒரே வரியில் ஒன்று விழுந்துவிட்டது. 30 கிலோவைத் தாங்க 50 கிலோ இழுப்பு! கம்பியை 60 டிகிரிக்குத் தூக்கிக் கட்டினால் அது 289-க்கு இறங்கிவிடும். போர்டு கட்டுகிறவர்கள் கம்பியை ஏன் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

இதோடு விட்டிருந்தால் மனைவியின் தூக்கம் கெட்டிருக்காது. அன்றைக்கு எனக்கு விசைகளைக் கூட்டிக் கழிக்காமல் திருப்பத்தை மட்டும் வைத்தே முழுக் கணக்கையும் முடித்துப் பார்க்க ஆசை வந்தது. குழாய் நுனிக்குப் போய் நின்றேன். கம்பியும் போர்டும் அவுட். கீலின் மேல்நோக்கிய விசை 50 என்று வந்தது. பிறகு கம்பி சுவரில் கட்டியிருக்கிற இடத்துக்கு ஏறினேன். அது கீலுக்கு மேலே 1.155 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் கம்பி அவுட், கீலின் செங்குத்து விசையும் அவுட். 500-ஐ 1.155-ஆல் வகுத்தேன். 433. கம்பியின் படுக்கைப் பகுதி எவ்வளவு? 500 பெருக்கல் காஸ் 30. அதுவும் 433! இரண்டு வெவ்வேறு பாதையில் போய் ஒரே வாசலில் முட்டிக்கொண்டேன். அப்போதுதான் கை தானாகத் தட்டியது. உங்களுக்கும் தட்டும்.

இந்தக் கிறுக்கு வந்தபிறகு தெருவில் நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் மேல் கீல் எப்போதும் பிய்த்துக்கொண்டு வரும், கீழ்க் கீல் அப்படியே இருக்கும். போட்டுப் பார்த்தேன். கேட் 40 கிலோ, அகலம் 1.2 மீட்டர், கீல்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். மேல் கீலைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிற விசை 160 நியூட்டன். கீழ்க் கீலைச் சுவருக்குள் தள்ளுகிற விசையும் அதே 160. 25 கிலோ பையன் ஒருவன் கேட்டின் ஓரத்தில் தொங்கி ஆடினால் இன்னும் 200 கூடுகிறது. கேட்டைவிடப் பையன் அதிகம் இழுக்கிறான்! "கேட்ல தொங்காதே" என்று எங்கள் பாட்டி கத்தியதெல்லாம் சுத்தமான இயற்பியல்.

ஆனால் கணக்குகளின் ராஜா ஏணிதான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்திய எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' 1992-இல் வந்தது. அதன் முதல் பாகத்தை, சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிவந்தேன். அதிலும் ஏணி இருக்கிறது. ஏணி இல்லாத இயற்பியல் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் எனக்கென்று ஒரு கணக்கு அமைத்துக்கொண்டேன். எங்கள் ஃப்ளாட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் கொண்டுவந்த ஏணிதான் அதற்குக் காரணம்.

ஏணி 5 மீட்டர், 15 கிலோ. சுவர் வழுவழுப்பு. ஏணியின் கால் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தலை 4 மீட்டர் உயரத்தில். தரையின் உராய்வுக் குணகம் 0.4. ஆள் 60 கிலோ. எவ்வளவு தூரம் ஏறலாம்?

ஏணியின் காலடியில் போய் நில்லுங்கள். தரை கொடுக்கிற இரண்டு விசையும் போயே போச்சு. தரை மேல்நோக்கித் தாங்குவது 750 நியூட்டன், அதனால் உராய்வு அதிகபட்சம் 300. சுவர் அதே 300-ஆல்தான் எதிர்த்துத் தள்ள முடியும். 300 × 4 = 1200. நம் கையிருப்பு அவ்வளவுதான். அதில் ஏணியே 225-ஐச் சாப்பிட்டுவிடுகிறது. மிச்சம் 975. ஆள் ஏணியில் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் 360 செலவு. வகுத்தால் 2.7 மீட்டர். 5 மீட்டர் ஏணியில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் கால் வழுக்கிவிடும். ஏணியில் ஏறுகிறவனுக்குப் பாதி வழி வரை நன்றாகத்தான் இருக்கும், மேலே போகப் போகத்தான் ஆபத்து என்பதை இந்த 360 சொல்கிறது பாருங்கள்.

காலைச் சுவர்ப் பக்கம் இழுத்து 1.4 மீட்டரில் வைத்தால் தலை 4.8 மீட்டருக்குப் போகும். கையிருப்பு 1440, ஏணிக்கு 105, மீட்டருக்குச் செலவு வெறும் 168. விடை 7.9 மீட்டர். ஏணியே 5 மீட்டர்தான்! உச்சி வரை தாராளமாகப் போகலாம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பெயிண்டர் ஏணியை நெருக்கி வைக்க இடம் இல்லை, கீழே செடித்தொட்டிகள். அவர் தன் கூட வந்த பையனைக் கூப்பிட்டு, "டேய், அடிப் படியில நில்லுடா" என்றார். பையன் நின்றான், இவர் ஏறினார். நான் நோட்டை எடுக்க உள்ளே ஓடினேன். பையன் 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் நிற்பது நாம் திருப்பத்தை அளக்கிற புள்ளியிலேயே. அவனால் திருப்பம் பூஜ்யம். செலவு கிடையாது. ஆனால் தரையின் தாங்குவிசை 750-லிருந்து 1250 ஆகிறது. உராய்வு 500 வரை போகும். கையிருப்பு 2000. ஏணிக்கு 225 போக மிச்சம் 1775, வகுத்தால் 4.9 மீட்டர். 2.7 எங்கே, 4.9 எங்கே! அடியில் சும்மா நிற்கிற பையன் மேலே போகிறவரை உச்சிக்குக் கிட்டே கொண்டுபோய்விடுகிறான். நான் இதைப் பெயிண்டரிடம் காட்டினேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "அதான் சார், அவனுக்கும் கூலி" என்றார்.

பீரோ தூக்கும் வேலை ஒன்றும் வந்தது. ஆவடியில் மைத்துனர் வீடு மாற்றினார். 80 கிலோ பீரோ, மாடிப்படி. நான் கீழ்ப்பக்கம். மைத்துனர் மேலே. பாதிப் பாதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1.8 மீட்டர் நீளம், அரை மீட்டர் கனம், படி 30 டிகிரி என்று வைத்துப் போட்டால், அடி விளிம்பைப் பிடித்துத் தூக்குகிறவர்களில் கீழே இருப்பவனுக்கு 46 கிலோ, மேலே இருப்பவருக்கு 34. பீரோ சாயும்போது அதன் ஈர்ப்பு மையம் கீழே இருப்பவன் பக்கம் நகர்ந்துவிடுகிறது. தூக்கி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். இனிமேல் மேல்பக்கம்தான் எனக்கு.

எங்கள் தாத்தா ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசை தாண்டி. கிணற்றில் ஏற்றம் இருந்த காலம். ஏற்றமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பதை அப்பா வாயால் கேட்டிருக்கிறேன். அது ஏதோ வித்தை என்று நினைத்திருந்தேன். இப்போது நோட்டில் வரைந்தேன். நிரம்பிய சால் 30 கிலோ, தாங்கு கட்டையிலிருந்து 4 மீட்டரில். ஆள் 60 கிலோ. மரத்தின் எடையை விட்டுவிட்டால், அவர் மறுபக்கம் 2 மீட்டரில் நிற்கும்போது தராசு மாதிரி சமம். அதற்கு மேல் ஓர் எட்டு வைத்தால் சால் மேலே வரும்; நடுவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கிணற்றுக்குள் இறங்கும். கையால் ஒன்றையும் இழுக்காமல், தன் எடையின் தூரத்தை மட்டும் மாற்றி மாற்றி, நடந்தே தண்ணீர் இறைத்திருக்கிறார்கள்! தராசுக்கும் துலா என்றுதான் பெயர், ஏற்றத்துக்கும் துலா என்றுதான் பெயர். பெயர் வைத்தவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. நெம்புகோலின் விதியைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நிறுவிக் காட்டினார். எங்கள் தாத்தா அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை நடந்தபோது கிரேனின் முதுகில் இருந்த எதிர் எடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏற்றம்தான் ஞாபகம் வந்தது.

இந்தக் கணக்குகளால் முடியாத ஒன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் வெறும் ரசிகனாகிவிடுவேன். ஒரு முக்காலியின்மேல் எங்கேயாவது ஒரு எடையை வையுங்கள். ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்குகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்: செங்குத்து விசைக்கு ஒரு சமன்பாடு, இரண்டு திசையில் திருப்பத்துக்கு இரண்டு, ஆக மூன்று, தெரியாததும் மூன்று. அதே எடையை நாற்காலியில் வைத்தால் கதை முடிந்தது. சமன்பாடு மூன்றுதான், தெரியாதது நான்கு. எத்தனை புள்ளிக்குப் போய் நின்று பார்த்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. காலும் தரையும் எவ்வளவு அமுங்கிக் கொடுக்கும் என்று தெரிந்தால்தான் மேலே போக முடியும்.

இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன். புதிதாக வந்த மெஷின், நான்கு காலில் நிற்கிறது. லெவல் பார்க்கிறோம். மூன்று கால் உட்கார்ந்துவிட்டது, நாலாவது காலுக்கு அடியில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் சர்ரென்று உள்ளே போகிறது. டன் கணக்கில் எடையுள்ள மெஷின், அதில் ஒரு கால் ஒரு கிலோகூடத் தாங்கவில்லை. 27 வருஷமாக அங்கே ஷிம் என்கிற மெல்லிய தகட்டைச் சொருகிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என்னோடு இருந்த அப்ரண்டிஸ் பையனிடம், "தம்பி, ஏன் எப்பவும் நாலாவது கால் மட்டும் தொல்லை குடுக்குது சொல்லு?" என்றேன். "தரை சரியில்லண்ணா" என்றான். தரையில் அவனை உட்காரவைத்து, சாக்பீஸில் முக்காலி வரைந்து ஆரம்பித்தேன். ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தும் அவன் எழவில்லை.

எனக்கு எல்லாம் கைகூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தனித்த பொருள் விசைப்படம் என்று ஒன்று வரைய வேண்டும். பொருளை மட்டும் பிய்த்து எடுத்து அதன்மேல் படுகிற விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடுவது. முதல் ஒரு மாதம் நான் ஏணியின்மேல் படுகிற விசையையும் ஏணி சுவர்மேல் போடுகிற விசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன். எடையை மறந்தேன். உராய்வைத் தப்புத் திசையில் வரைந்தேன். விடை மைனஸில் வந்தது. மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம், அம்பு எதிர்த் திசையில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம் என்று மகள் சொன்ன அன்றைக்கு எனக்கு அரைப் பாரம் இறங்கியது.

பிளஸ் ஒன் புத்தகம் மலைப்பாக இருந்தால் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமான இயக்க விதிகளிலேயே திருப்புத்திறன்களின் தத்துவம் இருக்கிறது; அங்கே தொடங்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கேளுங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அம்புக்குறி எல்லாம் தப்பாகத்தான் வரும்.